பி.என்.ஆர். வந்துவிட்டால் டிக்கெட் வந்ததாகிவிடாது

'சென்னை–பாரிஸ் போக வர 44 ஆயிரம்' என்று வாட்ஸப் குழுக்களில் சுற்றும் விலையைப் பார்த்து, புதுச்சேரி லாஸ்பேட்டைக் குடும்பம் ஒன்று மாட்டிக்கொண்ட விதத்தை இங்கே தருகிறோம். விற்றவர் பெயர் வேண்டாம். இந்த முறையில் விற்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

மூன்று பேர், ஆயுத பூஜையை ஒட்டி ஒன்பது நாள் லீவு. மே மாதமே தலைக்கு 44,000 வீதம் 1,32,000 ரூபாயை ஒரு தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே ஆறெழுத்து பி.என்.ஆர். வந்தது. விமானக் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பார்த்தால் மூன்று பெயரும் நேரமும் சரியாகத் தெரிந்தன. அதை நம்பி தலைக்கு 90 யூரோ கட்டி ஷெங்கன் விசா (பிரான்ஸ், இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா) எடுத்தார்கள், ஓட்டல் போட்டார்கள். புறப்பட 16 நாள் இருக்கும்போது அதே எண்ணைப் போட்டால் 'புக்கிங் இல்லை' என்று வந்தது. "கம்பெனிக்காரன் கேன்சல் பண்ணிட்டான் சார். தலைக்கு இன்னும் 11 ஆயிரம் போட்டா வேற ரூட்ல எடுத்துத் தரேன். இல்லேன்னா ரீஃபண்ட் வர தொண்ணூறு நாள் ஆகும்" என்றார் ஏஜென்ட். விசாவும் லீவும் கையில் இருக்கும்போது யார் தொண்ணூறு நாள் காத்திருப்பார்? கொடுத்துவிட்டார்கள்.

கம்பெனி கேன்சல் செய்தது உண்மைதான். ஏன் செய்தது என்பதில்தான் சூட்சுமம். பத்துப் பேரோ அதற்கு மேலோ போனால் அது குரூப் புக்கிங். பெரிய ஏஜென்டுகள் கொஞ்சம் முன்பணம் கட்டி இப்படி சீட்டுகளைப் பிடித்து வைத்து, சிறிய ஏஜென்டுகளுக்குப் பிரித்து விற்பார்கள். பெயரைச் சேர்த்ததும் பி.என்.ஆரில் தெரியும். ஆனால் முழுப் பணமும் கட்டி டிக்கெட் அடிக்க ஒரு கடைசித் தேதி உண்டு. தொழிலில் இதை 'டைம் லிமிட்' என்பார்கள். அது தாண்டினால் சிஸ்டம் தானாகவே சீட்டை விடுவித்துவிடும். நடுவில் ஒருவர் உங்கள் பணத்தை வேறு வேலைக்குச் சுழற்றினால் போதும், சீட் போய்விடும். பி.என்.ஆர். என்பது இடம் பிடித்துப் போட்ட துண்டு. டிக்கெட் என்பது 13 இலக்க எண். அதன் முதல் மூன்று இலக்கம் விமானக் கம்பெனியைச் சொல்லும்: ஏர் இந்தியாவுக்கு 098, கத்தார் ஏர்வேஸுக்கு 157, எமிரேட்ஸுக்கு 176, லுஃப்தான்சாவுக்கு 220. ஆளுக்கொரு எண் இருக்க வேண்டும். அது இல்லாத தாளில் எத்தனை முத்திரை இருந்தாலும் அது வெறும் பயணத் திட்டம்தான்.

எண் வந்த பிறகும் ஒரு ஓட்டை உண்டு. அடித்த டிக்கெட்டை அதே நாள் இரவுக்குள் 'வாய்ட்' செய்துவிடலாம், அதாவது அடிக்காதது போலவே ரத்து செய்துவிடலாம், ஏஜென்டுக்கு நஷ்டம் இல்லை. அதனால் வந்த நாளில் பார்த்தது கணக்கில்லை. இரண்டு நாள் கழித்து ஒருமுறை, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒருமுறை கம்பெனியையே கேட்டு, டிக்கெட் உயிரோடு இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். கூகுளில் தேடினால் முதலில் வரும் கஸ்டமர் கேர் எண்ணை நம்ப வேண்டாம். கம்பெனியின் சொந்தத் தளத்தில் உள்ளதை மட்டும் எடுங்கள். பி.என்.ஆருக்குள் உங்கள் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றனவா என்றும் அங்கேயே பாருங்கள். பெரும்பாலும் ஏஜென்ட் எண்தான் இருக்கும். நேர மாற்றமோ ரத்தோ வந்தால் தகவல் அவருக்குத்தான் போகும்.

டிக்கெட் தாளில் கட்டணம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஐ.டி.' அல்லது 'பி.டி.' என்று இரண்டெழுத்து மட்டும் இருந்தால், அது மொத்த வியாபாரத்துக்கான கட்டணம். கம்பெனிக்குப் போனது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதும் ஏஜென்ட் சொல்வதுதான்.

இனி அந்த 'வேற ரூட்'. சென்னையிலிருந்து வளைகுடா வழியாக மிலன் வரை ஒரு டிக்கெட். மிலனிலிருந்து பாரிசுக்கு மலிவு விமானத்தில் இன்னொன்று. தாளில் 'மிலன்', 'மிலன்', 'பாரிஸ்' என்று ஒழுங்காகத்தான் இருந்தது. விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியை யாரும் பார்க்கவில்லை. இறங்கியது எம்.எக்ஸ்.பி., அதாவது மல்பென்சா. ஏற வேண்டியது பி.ஜி.ஒய்., அதாவது பெர்கமோ. ஒன்று மிலனுக்கு மேற்கே, மற்றது கிழக்கே. நடுவில் 75 கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேர்ந்த இடமும் பாரிஸ் இல்லை, பி.வி.ஏ., அதாவது போவே. அங்கிருந்து பாரிசுக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். திண்டிவனத்தில் இறக்கிவிட்டு செங்கல்பட்டு வந்துவிட்டது என்பது மாதிரி.

இரண்டு டிக்கெட் என்றால் பெட்டி நேராகப் போகாது. மிலனில் குடியேற்றம் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன். முதல் டிக்கெட்டில் 23 கிலோ பெட்டி உண்டு. இரண்டாவதில் இருக்கைக்கு அடியில் வைக்கும் சின்னப் பை மட்டும். மூன்று பெட்டிக்கும் கவுண்டரில் கட்டினார்கள். கவுண்டர் விலை எப்போதும் ஆன்லைனில் முன்கூட்டி வாங்குவதைவிடக் கூடுதல். ஆன்லைன் செக்-இன் செய்யாமல் போனால் அதற்கும் தலைக்கு ஒரு கட்டணம் கேட்கும் கம்பெனிகள் உண்டு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாருக்கும் பொறுப்பில்லை; புது டிக்கெட்தான். அவர்களுக்கு ஷெங்கன் விசா இருந்ததால் இத்தாலியில் வெளியே வர முடிந்தது. இதே போல லண்டனில் மாறச் சொல்லியிருந்தால் பிரிட்டன் விசா இல்லாமல் சென்னை கவுண்டரிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

ஒரே புக்கிங்கில் போனால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. பாரிசிலிருந்து திரும்பும்போது, வளைகுடா கம்பெனியாகவே இருந்தாலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பயணிகள் இழப்பீட்டு விதி (261/2004) பொருந்தும். தொடர் விமானத்தைத் தவறவிட்டு, சென்னையில் 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக இறங்கினால், கம்பெனியின் கை மீறிய காரணம் இல்லாதபட்சத்தில் தலைக்கு 600 யூரோ கேட்கலாம். போகும்போது அப்படி இல்லை; சென்னையிலிருந்து புறப்படுகையில் ஐரோப்பியக் கம்பெனி என்றால்தான் அந்த விதி.

நேரக் கணக்குக்கு வருவோம். வெள்ளி இரவு 9 மணிக்கு லாஸ்பேட்டையில் வண்டி ஏறியவர்கள், பாரிஸ் ஓட்டலைத் தொட்டது ஞாயிறு மதியம் 3 மணி. நம் நேரப்படி 45 மணி நேரத்துக்கு மேல். ஒரே டிக்கெட்டில் அதே விடியற்காலை விமானம் ஏறியிருந்தால் சனி சாயங்காலத்துக்குள் ஓட்டலில் இருந்திருக்கலாம். போக ஒரு நாள், வர ஒரு நாள் வீண். ஓட்டல் வாடகை மட்டும் ஓடும். ஒரு மாதம் சொந்தக்காரர் வீட்டில் தங்கப் போகிறவர்கள் சுற்றிப் போனால் போகட்டும். ஒன்பது நாள் லீவுக்கு, தலைக்கு ஏழெட்டாயிரம் மிச்சம் என்பதற்காக 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வைக்கும் பாதையை எடுக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

தேதியிலும் ஏமாறுகிறார்கள். வளைகுடா விமானங்கள் பல சென்னையில் விடியற்காலை 2, 3, 4 மணிக்குக் கிளம்புபவை. 15-ஆம் தேதி 3.30 என்றால் 14-ஆம் தேதி இரவே புதுவையை விட்டாக வேண்டும். ஈ.சி.ஆரில் மூன்று மணி நேரம். கடலூர்க்காரர்கள் இன்னும் முக்கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். ஏஜென்ட் பழக்கத்தில் இனிஷியலைப் போட்டு அடித்துவிடுவார். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துதான் டிக்கெட்டிலும் வர வேண்டும். ஒற்றைப் பெயரை எப்படி நிரப்புவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அடிக்கும் முன்பே கேளுங்கள். குரூப் கட்டணத்தில் அடித்த பிறகு திருத்தம் என்றால் பல நேரம் புது டிக்கெட்.

இந்தக் குடும்பத்திடம் 'டி.சி.எஸ்.' (விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) என்று ஒரு தொகையும் வாங்கியிருந்தார்கள். விமான டிக்கெட் மட்டும் விற்பதற்கு அந்த வரி கிடையாது. டிக்கெட்டோடு ஓட்டல் போன்றவையும் சேர்ந்த வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்குத்தான். உண்மையிலேயே கட்டியிருந்தால் வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணுக்கான வரிக் கணக்கில் தெரியும். தெரியவில்லை என்றால் அது வரி இல்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள்: பணம் போய்ச் சில மணி நேரமே ஆகிறது, ஆள் போனை எடுக்கவில்லை என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கை, கேளுங்கள், யு.பி.ஐ.யில் தனிநபருக்கு அனுப்பிய பணத்துக்கு அந்த வழி இல்லை. டிக்கெட் உண்மையாக அடிக்கப்பட்டு ரீஃபண்ட் மட்டும் வரவில்லை என்றால், இந்தியக் கம்பெனிகளைப் பொறுத்தவரை, ஏஜென்ட் வழி எடுத்ததற்கும் கம்பெனியே பொறுப்பு என்பது விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் (டி.ஜி.சி.ஏ.) விதி, அரசின் ஏர்சேவா புகார் தளத்தில் புகார் போடலாம். மற்றபடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

புகார் கொடுக்கப் போவதாக ஏஜென்டிடம் சொல்வதற்கு முன்பே வாட்ஸப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள், குரல் பதிவுகளோடு. இந்தக் குடும்பம் முதலில் சொன்னது, பிறகு தேடியது. ஏஜென்ட் கடைசியாக அனுப்பியவை இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரிதான் இருந்தது.