பதினான்கு மாதம் கன்சல்டன்ட் வைத்துப் பார்த்ததில்

கரூரில் பெட்ஷீட், கிச்சன் டவல் ஏற்றுமதி செய்யும் மச்சினன் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மாமா, நீங்க ஒரு கன்சல்டன்ட் வெச்சிருந்தீங்களே, அவரை நானும் வெக்கலாங்களா?" ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்து மூன்று தடவை அழித்தேன். சரி, முழுசாகவே எழுதிவிடலாம்.

2024 ஜூலையில் வந்தார், 2025 ஆகஸ்டோடு நிறுத்தினேன். மாதம் 75,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. ஜிஎஸ்டி இன்புட்டில், அதாவது நாங்கள் கட்டும் வரியில் கழிந்து, வந்துவிடும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்படியும் பத்தரை லட்சம். எங்களுடையது திருப்பூரில் டீ-ஷர்ட் தைக்கும், கட்டிங்கில் இருந்து பேக்கிங் வரை உள்ள யூனிட். நிட்டிங், டையிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க்.

அவரை ஏன் கூப்பிட்டேன் என்றால், பயத்தில்தான். அந்த வருடம் முதல் மூன்று மாதத்தில் இரண்டு ஷிப்மென்ட் கப்பலைத் தவறவிட்டு, எங்கள் செலவில் ஏரில், அதாவது விமானத்தில், போனது. ஏர் பில்லைப் பார்த்தால் அந்த ஆர்டரே எடுத்திருக்க வேண்டாம் என்று தோன்றும். டெய்லர்கள் ஓட்டம் போதவில்லை, தையல் லைனைச் சரி செய்ய ஆள் வேண்டும் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். வியாதியை நானே சொல்லி, மருந்து மட்டும் கேட்டுப் போன கதை.

முதல் வாரம் ஸ்டாப்வாட்சோடு லைனில் நின்றார். டெய்லர்கள் கில்லாடிகள், வாட்சைப் பார்த்ததும் கை தானாக மெதுவானது. எங்கே பீஸ் ரேட்டைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. ஆனாலும் ஒன்று கண்டுபிடித்தார். ரவுண்ட் நெக் டீ-ஷர்ட்டில் ஷோல்டர், ஸ்லீவ், சைடு எல்லாம் மணிக்கு 90 ஓடுகிறது, கழுத்துப் பட்டியான நெக் ரிப் வைக்கும் இடத்தில் 60தான். அப்புறம் மற்றவர்கள் எவ்வளவு விரட்டினாலும் லைனில் இருந்து வெளியே வருவது 60தான், மிச்சம் கட்டுக்கட்டாக நெக் ரிப் மெஷின் பக்கத்தில் குவியும். அங்கே இன்னொரு மெஷின் போட்டோம், குவியல் கரைந்தது. இது எந்த நல்ல சூப்பர்வைசருக்கும் தெரிந்த விஷயம். இதற்காக மட்டும் என்றால் 75,000 தண்டம் என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது வாரம் பேக்கிங் செக்‌ஷனில், ஒரு காலி அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். இரண்டு நாள் முழுக்க. கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. வேலை எப்போதெல்லாம் நிற்கிறதோ அப்போதெல்லாம் மணியையும் காரணத்தையும் எழுதிக்கொண்டார், வேறு ஒன்றும் செய்யவில்லை. சம்பளம் கொடுப்பவன் நான், எனக்கு எரிச்சல்.

மூன்றாம் நாள் அந்த நோட்டை என் டேபிளில் வைத்தார். துவைக்கும் முறை எழுதிய வாஷ்கேர் லேபிள் வரவில்லை. பாலிபேக் வரவில்லை. மெயின் லேபிள் சைஸ் மாறி வந்தது. திரும்பவும் வாஷ்கேர் லேபிள். தைத்து முடித்த 4,800 பீஸ் லேபிளுக்காக ஒரு மூலையில் கிடந்தது. லேபிள் சப்ளையர் ஐந்து நாளில் கொடுத்துவிடுகிறார். ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் எழுதிய ஆர்டர் அவரிடம் போய்ச் சேரத்தான் ஆறு நாள். அதில் நான்கு நாள் அது இருந்த இடம் என் டேபிள். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் எது வாங்கினாலும் முதலாளி கையெழுத்து வேண்டும் என்பது அப்பா காலத்தில் போட்ட ரூல். அப்பா தினமும் எட்டு மணிக்கு அந்த நாற்காலியில் இருப்பார். நான் பாதி நாள் பையர் ஆபீஸ், டையிங், பேங்க் என்று அலைகிறவன்.

"உங்க லைன்ல பிரச்சினை கம்மி சார். உங்க டேபிள்லதான் ஜாஸ்தி" என்றார்.

செக்கிங்கில் இருக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். கையில் இருந்த டீ-ஷர்ட்டைத் திருப்பி நூல் பிசிறை வெட்டிக்கொண்டே, "இதையத்தானுங்க ரெண்டு வருசமா நானும் சொல்லீட்டு இருக்கறேன்" என்றார். தலையைக்கூடத் தூக்கவில்லை. சொல்லியிருக்கிறார்தான். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது சொல்லியிருக்கிறார், நான் போனைப் பார்த்துக்கொண்டு "ஆகட்டுங்கா" என்றிருக்கிறேன்.

நியாயமாகச் சொன்னால் கன்சல்டன்டுக்குக் கொடுத்த காசு அங்கேயே கழிந்துவிட்டது. லிமிட்டை ஐம்பதாயிரமாக உயர்த்தி, கையெழுத்தை மேனேஜரிடம் விட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் ஒரு ஷிப்மென்ட்கூட ஏரில் போகவில்லை. சனிக்கிழமை சம்பளத்தை நம்பி இருக்கிறவர் முதலாளியிடம் சொல்ல முடியாததை, இல்லை சொன்னாலும் காதில் ஏறாததை, அவர் வந்து சொன்னார். வெளியாளுக்கான விலை அதற்குத்தான்.

ஆக, ஆறு மாதத்தில் அனுப்பியிருக்க வேண்டும். நான் ரின்யூ செய்தேன்.

என் வயிற்றெரிச்சல் இங்கேதான். முதல் மாதம் "உங்க ஃபேக்டரி" என்றவர், எட்டாவது மாதம் "நம்ம ஃபேக்டரி" என்றார். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதே சமயத்தில் நான் பழையபடி ஒவ்வொரு ஆர்டரையும் வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்டு, நான் "ஓகே" போட்ட பிறகுதான் போகவேண்டும் என்று ஆரம்பித்திருந்தேன். அவருக்கு அது தெரியும், அந்த குரூப்பில் அவரும் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் சம்பளக்காரராகிவிட்டார், செக்கிங் அக்காவைப்போல. வித்தியாசம், அக்கா சொல்லிப் பார்ப்பார்.

சொல்லாததற்குப் பதிலாக ரிப்போர்ட் வந்தது. 46 பக்கம், முழுக்க இங்கிலீஷ், முதல் பக்கத்தில் கோட் போட்ட இரண்டு பேர் கை குலுக்கும் படம். எங்கள் கட்டிங் மாஸ்டர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்து, பேட்டர்ன் அட்டைக்கு ஆகுமா என்று விரலால் மடித்துப் பார்த்தார். ஆகவில்லை.

இன்னொரு கடுப்பு. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு வேலையில் வீணாவதைக் குறைக்க மத்திய அரசின் லீன் திட்டம் ஒன்று இருக்கிறது. 2023-ல் புதுப்பித்தபோது கன்சல்டன்ட் செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கும் என்றாக்கினார்கள். சிறு நிறுவனம் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவு வேண்டும், அது எங்களிடம் இருக்கிறது. ஏழு மாதம் முழுக் காசு கொடுத்த பிறகு, ஆடிட்டர் ஆபீஸில் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நம் கன்சல்டன்டுக்குத் தெரிந்திருக்காதா என்ன? மச்சினனே, முதலில் அதை விசாரி.

மற்றபடி எப்போது வைக்கலாம்? வேலைக்கு ஒரு முடிவு தேதி இருந்தால் வைக்கலாம். பையர் ஆடிட், புது சாஃப்ட்வேர், காஸ்டிங்கை, அதாவது ஒரு பீஸுக்கு ஆகும் செலவை, நிமிடக் கணக்குக்கு மாற்றுவது மாதிரி. பங்காளிகள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காத வீடு என்றாலும் வைக்கலாம், மூன்றாம் ஆள் சொன்னால் இரண்டு பேரும் தலையாட்டுவார்கள். ஆர்டரே இல்லாதபோது வைக்காதே, அவர் ஆர்டர் பிடித்துத் தரமாட்டார். ஆள் குறைக்க முடிவு செய்துவிட்டு, பழியைப் போட ஒரு தலை வேண்டும் என்று வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைப்பற்றிப் பேசவே வேண்டாம்.

நிறுத்தியதுகூட நானாகத் தெளிந்து செய்ததில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. எங்களுக்கு ஐரோப்பா ஆர்டர்தான் அதிகம், இருந்தாலும் ஊரில் எல்லார் வயிற்றிலும் புளியைக் கரைத்தது. எந்தச் செலவை வெட்டலாம் என்று பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டவர் அவர். தீபாவளி முடிந்து அவரே போன் செய்தார்: "மாசம் நாப்பதாயிரம் போதும் சார்." அப்போது இத்தனை நாள் வாங்கிய 75,000 எந்தக் கணக்கு? கோபத்தில் வேண்டாம் என்றுவிட்டேன்.

மச்சினனுக்குக் கடைசியில் அனுப்பிய பதில் இதுதான்: "வேண்டாம். பேக்கிங்கில் ஒரு பெட்டி போட்டு நீயே ரெண்டு நாள் உட்காரு, போனை வீட்டில் வைத்துவிட்டு."

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "அதுக்கு நேரம் இருந்தா நான் ஏனுங்க மாமா ஆள் கேக்கறேன்?"

நம்பரை அனுப்பிவிட்டேன். நாற்பதாயிரத்துக்கு மேல் பேசாதே, ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதே என்றும் சேர்த்து.