ஏசிஎல்எஸ் (மேம்பட்ட இதய உயிர்காப்புப் பயிற்சி) வகுப்புக்கு வார்டு ஊழியர்களை அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் யாரை, எப்படி என்பதில்தான் பலன் இருக்கிறது.

அமெரிக்க இதயச் சங்கத்தின் இந்தப் பயிற்சியில் முன்தேர்வுக்கு 70, எழுத்துத் தேர்வுக்கு 84 சதவீதம் வேண்டும். படித்தால் வந்துவிடும். ஆளின் திறமை தெரிவது மெகாகோட் என்ற செய்முறைத் தேர்வில்தான். பொம்மை நோயாளிக்குத் துடிப்பு நின்றுவிடும். ஆறு பேருக்கு ஆறு வேலை: நெஞ்சை அழுத்துபவர், மூச்சுப்பாதை, டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் மெஷின்), மருந்து, நேரக்குறிப்பு, தலைவர்.

"யாராவது அட்ரீனலின் குடுங்க" என்று தலைவர் பொதுவாகச் சொன்னால், ஒன்று யாரும் கொடுப்பதில்லை, இல்லையென்றால் இரண்டு பேர் நரம்பில் (ஐவி) ஏற்றிவிடுவார்கள். அதனால் தலைவர் ஆளைக் குறிப்பிட்டுச் சொல்ல, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்: "சிஸ்டர், அட்ரீனலின் 1 மில்லிகிராம் ஐவி." "1 மில்லிகிராம் ஐவி குடுக்கிறேன், டாக்டர்." பிறகு, "குடுத்தாச்சு." இந்தப் பழக்கத்தை வகுப்பு நன்றாகவே ஊன்றிவிடுகிறது.

அழுத்தத்தைப் பொம்மையின் கருவியே அளந்து காட்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ. ஆனால் குழுவை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல், அழுத்தம் நடந்த நேரத்தின் பங்கு. 10 நிமிடத்தில் எல்லா இடைவெளியும் சேர்ந்து 2 நிமிடத்தைத் தாண்டினால் 80 சதவீதம் என்ற இலக்கு தவறிவிடும். நேரம் கசிவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: நாடி பார்ப்பது 10 விநாடியைத் தாண்டுவது, அழுத்துவதை நிறுத்திவிட்டு மெஷினைச் சார்ஜ் செய்வது. இரண்டு நிமிடச் சுற்று முடிய 15 விநாடி இருக்கும்போதே சார்ஜ் போட்டால் இரண்டாவது கசிவு அடைபடும்.

குறை என்னவென்றால், மெகாகோட்டில் மதிப்பெண் தலைவருக்குத்தான். நேரம் குறிக்கும் நர்ஸ் "ரெண்டு நிமிஷம் ஆச்சு, ஆள் மாறுங்க" என்று குரல் கொடுத்தாரா என்பதற்குத் தனி மதிப்பீடு இல்லை. அதிலும் வெவ்வேறு மருத்துவமனை ஆட்கள் கலந்து உட்கார்ந்தால், உங்கள் ஷிப்ட் ஒரு குழுவாகப் பழகவே இல்லை என்றுதான் அர்த்தம். ரோஸ்டர் போடும்போதே சேர்ந்து வேலை செய்பவர்களை ஒரே வகுப்பில் போடுங்கள்.

சான்றிதழ் 2 வருடம் செல்லும். கைப்பழக்கம் சில மாதங்களிலேயே தளர்ந்துவிடும். அதனால் மாதம் ஒருமுறை வார்டிலேயே 10 நிமிட ஒத்திகை வையுங்கள், உங்கள் கிராஷ் கார்ட்டை (அவசர மருந்து, கருவிகள் வைத்த தள்ளுவண்டி) வைத்தே. மெத்தைக்கு அடியில் பலகை வைக்க மறக்கிறார்கள், அதனால் அழுத்தம் மெத்தையிலேயே போய்விடுகிறது. இது வகுப்பறைத் தரையில் கிடக்கும் பொம்மையில் தெரியவே தெரியாது. முடிந்த கையோடு 5 நிமிடம் பேசுங்கள், முதலில் நேரக்குறிப்புத் தாளைக் கையில் எடுத்து.