கனெக்டிகட் ஒரு வழி, மிசூரி ஒரு வழி: துப்பாக்கியை எப்படிக் கையில் கொடுப்பது?

2022 அக்டோபர் மாதம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 19 வயது இளைஞன் ஒருவன் உரிமம் பெற்ற கடைக்குத் துப்பாக்கி வாங்கப் போகிறான். எஃப்பிஐயின் பின்புலச் சோதனையில் அவன் பெயர் சிக்குகிறது; விற்பனை தடைபடுகிறது. விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் தனிநபர் ஒருவரிடம் காசு கொடுத்து ஏஆர்-15 வகை ரைஃபிளை வாங்கிவிடுகிறான். தனிநபர் விற்பனைக்குச் சோதனை எதுவும் தேவையில்லை என்பது அங்கே சட்டம். மகனின் போக்கைக் கண்டு பயந்த தாய், 15ஆம் தேதி போலீஸை அழைத்து, துப்பாக்கியை வீட்டிலிருந்து அகற்றித் தரும்படி கேட்கிறார். போலீஸார் வருகிறார்கள். பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமில்லை. குடும்பத்துக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறார்கள். 24ஆம் தேதி காலை, அதே ரைஃபிளோடு அவன் செயின்ட் லூயிஸ் நகரில் தான் படித்த பள்ளிக்குள் நுழைகிறான். ஓர் ஆசிரியையும் 15 வயது மாணவி ஒருத்தியும் கொல்லப்படுகிறார்கள்.

இந்த நிகழ்வைப் படித்த நாளிலிருந்து எனக்கு மறக்க முடியாதது ஒன்று உண்டு. எஃப்பிஐ தன் வேலையைச் செய்தது. தாயும் தன் கடமையைச் செய்தார். வந்த போலீஸாரும் சட்டம் அனுமதித்த அளவுக்குச் செய்தார்கள். சட்டத்திலேயே இரண்டு ஓட்டைகள் இருந்தன; இரண்டின் வழியாகவும் அந்த ரைஃபிள் வெளியே வந்தது. இதே குடும்பம் கிழக்குக் கரையில் உள்ள கனெக்டிகட் மாநிலத்தில் வாழ்ந்திருந்தால் அந்த இரண்டு இடங்களிலும் சட்டம் குறுக்கே நின்றிருக்கும்.

அமெரிக்கத் துப்பாக்கி விவாதத்தை நம் செய்தித்தாள்கள் "வேண்டும்", "வேண்டாம்" என்ற இரு கட்சிகளின் சண்டையாகவே எழுதுகின்றன. அங்கே உள்ள தொலைக்காட்சிகளும் அப்படித்தான். அந்தச் சண்டையால் பயனில்லை. அமெரிக்க அரசியலமைப்பில் 1791இல் சேர்ந்த இரண்டாம் திருத்தம் தனிமனிதருக்கு வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டது. பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக 2018இல் ஒரு மதிப்பீடு வந்தது. அது மக்கள்தொகையைவிட அதிகம். ஆகவே துப்பாக்கி இருக்கும். யார் கைக்கு, எந்தச் சோதனைக்குப் பிறகு, எவ்வளவு காத்திருப்புக்குப் பிறகு போகிறது என்பதுதான் இனிப் பேச மிச்சமிருக்கும் கேள்வி. அந்தக் கேள்விக்கு இந்த இரண்டு மாநிலங்களைப் போல நல்ல உரைகல் வேறு இல்லை. கனெக்டிகட் 1995இல், வாங்கும் முன் அரசின் அனுமதியைப் பெறச் சொல்லும் உரிமச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மிசூரி 1921 முதல் இருந்த அத்தகைய சட்டத்தை 2007இல் தூக்கி எறிந்தது.

கடை வாசலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மிசூரியில் கைத்துப்பாக்கி வாங்க விரும்புபவர் கடையில் ஒரு மத்திய அரசுப் படிவத்தை நிரப்புகிறார். குற்ற வழக்கில் தண்டனை உண்டா, குடும்ப வன்முறைக்காகத் தண்டிக்கப்பட்டாரா, போதைப்பொருள் பழக்கம் உண்டா என்பது போன்ற கேள்விகள். கடைக்காரர் எஃப்பிஐ தரவுத்தளத்தில் கேட்கிறார். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். வாங்கியவர் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போகலாம். பதில் வரத் தாமதமானால் மூன்று வேலை நாள் கழித்துக் கடைக்காரர் விற்றுவிடலாம். இது மத்திய சட்டம் தந்த சலுகை. 2015இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது இந்த மூன்று நாள் இடைவெளியில்தான்.

கனெக்டிகட்டில் நடை வேறு. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, கைத்துப்பாக்கி வாங்குபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். எட்டு மணி நேரப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். காவல் துறையிடம் விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, சோதனை முடிந்து சான்று கைக்கு வந்த பிறகே கடைக்குள் கால் வைக்க முடியும். தனிநபரிடம் வாங்கினாலும் அதே சான்று வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

வேறுபாடு நேரத்தில் மட்டும் இல்லை. மிசூரி வழியில் வாங்குபவர் கடைக்காரரின் முகத்தைத்தான் பார்க்கிறார்; கடைக்காரருக்கோ விற்றால் லாபம். கனெக்டிகட் வழியில் ஒரு காவல் நிலையத்துக்குப் போய், தன் விரல்களை மையில் தோய்க்க வேண்டும். தண்டனை பெற்ற காதலனுக்காகத் தன் பெயரில் துப்பாக்கி வாங்கித் தரும் பெண்ணும், பத்துத் துப்பாக்கியை வாங்கித் தெருவில் விற்க நினைக்கும் இளைஞனும் தயங்கி நிற்கும் இடம் அது. பினாமி என்ற சொல் நமக்கு நன்றாகவே தெரியும். அமெரிக்காவில் கொலைக்குப் பயன்படும் கைத்துப்பாக்கிகள் பல, முதலில் யாரோ ஒருவர் பெயரில் முறையாகக் கடையில் வாங்கப்பட்டவை. மிசூரி உரிமச் சட்டத்தை நீக்கிய பிறகு, கடையில் விற்ற குறுகிய காலத்திலேயே குற்ற இடத்தில் சிக்கும் துப்பாக்கிகளின் பங்கு உயர்ந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். பினாமி வணிகத்தின் அடையாளம் அது.

உயிர்க் கணக்குக்கு வருவோம். 2021இல் லட்சம் பேருக்குத் துப்பாக்கியால் இறந்தவர்கள் கனெக்டிகட்டில் சுமார் 7, மிசூரியில் சுமார் 23. இந்த எண்களை மட்டும் வைத்து வாதிடுவது நேர்மையாகாது. கனெக்டிகட் பணக்கார மாநிலம். மிசூரியில் செயின்ட் லூயிஸ், கன்சாஸ் சிட்டி ஆகிய நகரங்களின் வறுமையும் கிராமப்புறத் தனிமையும் சேர்ந்து கிடக்கின்றன. சரியான ஒப்பீடு, ஒரே மாநிலத்தின் முன்னும் பின்னும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். 2020இல் வெளிவந்த அவர்களின் கணக்குப்படி, சட்டம் வந்த பிறகு கனெக்டிகட்டில் துப்பாக்கிக் கொலைகள், சட்டம் இல்லாதிருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைவிட ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தன. சட்டம் போன பிறகு மிசூரியில் ஏறத்தாழ 47 சதவீதம் கூடின. தற்கொலைகளும் அதே திசையில் நகர்ந்தன. 1990களில் நாடு முழுவதும் கொலைகள் குறைந்தன, எல்லாப் பெருமையும் உரிமத்துக்கு அல்ல என்று மறுப்பவர்கள் உண்டு. அது நியாயமான மறுப்பு. சதவீதத்தில் சண்டை போடலாம். ஆனால் ஒரு மாநிலம் கதவை மூடியபோதும் இன்னொன்று திறந்தபோதும் விளைவு எதிரெதிராக வந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

உரிமத்துக்கு எதிரான வாதங்களில் ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். அனுமதி தருபவர் யார் என்பது அது. 1956இல் அலபாமாவின் மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வெடித்தது. அதன் பிறகு அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டார், அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். கறுப்பின மக்களுக்கு "தகுதி இல்லை" என்று சொல்வதற்கே உரிமங்கள் தெற்கு மாநிலங்களில் நெடுங்காலம் பயன்பட்டன. வேலியே பயிரை மேய்ந்த வரலாறு அது. அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி ஓடிய பெண் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா என்ற கேள்வியும் உண்மையானதுதான். விதிகளை நிறைவேற்றியவருக்கு அதிகாரி மறுக்க முடியாதபடியும், உயிர் ஆபத்தில் இருப்பவருக்கு முன்னுரிமை கிடைக்கும்படியும் சட்டத்தை எழுதலாம். 2022இல் நியூயார்க்கின் பழைய துப்பாக்கி உரிமச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் அடித்து நொறுக்கியபோது குறை சொன்னதும் அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்ட அந்த முறையைத்தான்.

ரைஃபிள் தடையும் ஆயுதம் ஏந்திய நல்லவரும்

பெரிய படுகொலை நடந்த மறுநாள் டெமாக்ரட் கட்சியினர் கேட்பது பெரும்பாலும் போர்முறை ரைஃபிள்களுக்குத் தடை. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றவன் அத்தகைய ரைஃபிளால் 154 முறை சுட்டான். அது நடந்ததும் கனெக்டிகட்டில்தான் என்பதை மறைக்கக் கூடாது. ரைஃபிள் அவன் தாய் முறைப்படி வாங்கியது. கைத்துப்பாக்கிக்கான உரிமச் சட்டத்தால் அதைத் தடுத்திருக்க முடியாது. மறுஆண்டு கனெக்டிகட் ரைஃபிள் தடையை விரிவாக்கியது. பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசின்களைத் தடுத்தது. உரிம முறையை நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நீட்டியது.

ஆனால் உயிர்களை எண்ணினால் ரைஃபிள் தடை முதலிடத்துக்கு வராது. எஃப்பிஐ கணக்குப்படி 2019இல் துப்பாக்கியால் கொல்லப்பட்ட 10,258 பேரில் கைத்துப்பாக்கிக்குப் பலியானவர்கள் 6,368. ரைஃபிளுக்கு 364. எஞ்சியவற்றில் பெரும்பாலும் வகை பதிவாகவில்லை. 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவன் கையில் இருந்தவை இரண்டும் கைத்துப்பாக்கிகளே. தமிழ்நாட்டில் பிறந்து, அங்கே நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஒருவரும் அன்று மாணவர்களோடு மாண்டார். கொலையாளிக்கு மனநலச் சிகிச்சை பெறும்படி நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. அது தேசியத் தரவுத்தளத்தில் ஏறவில்லை. சோதனையில் அவன் தேறிவிட்டான். 1994 முதல் 2004 வரை இருந்த மத்திய அரசின் ரைஃபிள் தடையோ முன்பே விற்ற துப்பாக்கிகளைத் தொடவில்லை. பிடியையும் முனையையும் சற்று மாற்றித் தயாரிப்பாளர்கள் அதே இயந்திரத்தை விற்றார்கள். அந்தத் தடையில் எனக்கு மதிப்புள்ளதாகப் படுவது மேகசின் வரம்பு. 2011இல் அரிசோனாவின் டூசான் நகரில் சுட்டவன், 33 தோட்டா மேகசின் தீர்ந்து மாற்ற முயன்ற கணத்தில்தான் சுற்றியிருந்தவர்கள் அவனை மடக்கிப் பிடித்தார்கள்.

துப்பாக்கி ஆதரவாளர்கள் சொல்லும் மாற்று, நல்லவர்கள் கையில் இன்னும் அதிகத் துப்பாக்கி. 2022 ஜூலையில் இண்டியானாவின் வணிக வளாகம் ஒன்றில் மூன்று பேரைக் கொன்றவனை, அங்கே வந்திருந்த 22 வயது இளைஞர் ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் அதே ஆண்டு மே மாதம் டெக்சாஸின் உவால்டியில் பள்ளிக்கு வந்து சேர்ந்த 376 காவலர்கள், 77 நிமிடங்கள் கழித்தே அந்த வகுப்பறைக்குள் நுழைந்தார்கள். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் பலியானார்கள். பயிற்சி பெற்றவர்களே திகைத்து நின்ற வாசலில், கணக்கு வாத்தியார் கையில் துப்பாக்கியைக் கொடுத்து நிறுத்தும் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

பேசப்படாத பாதி

2023இல் துப்பாக்கியால் இறந்த சுமார் 46,700 அமெரிக்கர்களில் 27,000க்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். தொலைக்காட்சி விவாதத்தில் இவர்களுக்கு இடமே இல்லை. மனம் உடைந்த வேளை பலருக்கு மணிக்கணக்கில், நாள்கணக்கில் கடந்துவிடும். அந்த வேளையில் துப்பாக்கி எட்டாமல் இருந்தால் பெரும்பாலோர் பிழைத்து, வாழ்ந்து முடிக்கிறார்கள். இங்கே உரிமத்தின் காத்திருப்பே ஒரு மருந்து.

அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற ஆணையோடு துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கிவைக்கும் சட்டம். சிவப்புக் கொடிச் சட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். நாட்டிலேயே முதலில் அதை 1999இல் இயற்றியது கனெக்டிகட். அங்கே பத்து முதல் இருபது பறிமுதலுக்கு ஒரு தற்கொலை தடுக்கப்பட்டதாக டியூக் பல்கலைக்கழக ஆய்வு மதிப்பிட்டது. செயின்ட் லூயிஸ் தாய் போலீஸிடம் கேட்டது இதைத்தான். மிசூரியில் அது இல்லை. குழந்தை கைக்கு எட்டாமல் துப்பாக்கியைப் பூட்டிவைக்கச் சொல்லும் சட்டமும் இன்னொரு மலிவான வழி. பல ஆய்வுகளைச் சலித்துப் பார்த்த ராண்ட் நிறுவனம் மிக வலுவான சான்று உள்ளவற்றின் வரிசையில் அதை வைக்கிறது.

எனவே என் வரிசை இது: முதலில் வாங்கும் இடத்தில் உரிமம், அதன் தோளில் சிவப்புக் கொடியும் பூட்டும், பிறகு மேகசின் வரம்பு, கடைசியில்தான் ரைஃபிள் தடை. ஆசிரியர் கையில் துப்பாக்கி இந்தப் பட்டியலில் இல்லை.

மிசூரி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது. 2007இல் உரிமச் சட்டம் தனியாக விவாதித்து நீக்கப்படவில்லை. வீட்டுக்குள் அத்துமீறி நுழைபவரைச் சுடும் உரிமையை விரிவாக்கிய மசோதாவுக்குள் அந்த நீக்கமும் அடங்கியிருந்தது. 2017 முதல் மறைத்து எடுத்துச் செல்லவும் அனுமதி தேவையில்லை. 2023 பிப்ரவரியில், பெரியவர் துணையில்லாமல் சிறுவர்கள் பொதுவெளியில் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்திச் செல்வதைத் தடுக்கும் முன்மொழிவைக்கூட மாநிலப் பிரதிநிதிகள் அவை தோற்கடித்தது. செயின்ட் லூயிஸ் நகராட்சி தானாக ஒரு கட்டுப்பாடு போடலாம் என்றால், அதையும் மாநிலச் சட்டம் தடுக்கிறது.

நீதிமன்றம் விடாது என்ற சாக்கு இப்போது பலவீனமாகிவிட்டது. மேரிலாந்தின் கைத்துப்பாக்கி உரிமச் சட்டம் செல்லும் என்று 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. மிசூரிக்குப் புதிதாக எந்த அலுவலகமும் கட்டத் தேவையில்லை. 86 ஆண்டுகள் அந்த அனுமதிச் சீட்டை எழுதிக் கொடுத்த ஷெரீப் (கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் காவல் தலைவர்) அலுவலகங்கள் இன்றும் திறந்துதான் இருக்கின்றன.