குடும்ப வரலாறு எழுதுபவர்களை எங்கே ஒன்றுசேர்ப்பது? வாட்ஸ்அப், இணைய வம்ச மரம், ஊர் மலர், வாசிகசாலை

யாழ்ப்பாணத்தில் குடும்ப வரலாறு எழுத ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒருவர் காலமானால் 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டிக்குள் கல்வெட்டு என்ற நினைவு நூல் அச்சாகிவிடுகிறது. பிறப்பு, படிப்பு, உத்தியோகம், கலியாணம், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு மாதத்துக்குள் ஒரு குடும்பம் தன் கதையை எழுதி, அச்சடித்து, ஊருக்கே கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அடுத்த சாவு வரைக்கும் ஒருவரும் பேனையைத் தொடுவதில்லை. விஷயம் தெரிந்தவர் போன பிறகுதான் எழுதத் தொடங்குகிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

தனியாக எழுதுகிறவர்கள் இரண்டு பக்கத்தோடு நின்றுபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வாசிக்க ஆள் வேண்டும், அடுத்த கேள்வியைக் கேட்க ஆள் வேண்டும். அப்படி ஒரு கூட்டத்தைக் கட்ட எங்கள் ஊர்களில் இப்போது நான்கு வழி இருக்கிறது. நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

முதலில் வாட்ஸ்அப் குழு, வயது போனவர்கள் அதிகமென்றால் வைபர். தொடங்கச் செலவில்லை. பழைய கலியாணப் படம் ஒன்றைப் போட்டு "பின்வரிசையில் இடது கைப்பக்கம் நிற்பது ஆர்?" என்று கேட்டால், ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மா குரல் பதிவிலேயே பதில் சொல்லிவிடுவார். அந்தக் குரல் பதிவுக்கு விலையே இல்லை. ஆனால் அடுத்த நாள் காலை வணக்கப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்தும் அதற்கு மேலே ஏறிவிடும். போன் மாறினால் அதுவும் போய்விடும். வந்த அன்றே பதிவை இறக்கி, பேசியவர் பெயரையும் திகதியையும் கோப்பின் பெயராக வைத்துச் சேமிக்க ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், குழுவில் இருப்பது சொந்தக்காரர் மட்டும். மாமி பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அம்மப்பாவின் முதல் கலியாணத்தைப் பற்றி யார் கேட்பது? காணிப் பிரச்சினை ஒன்று வந்தால் பாதிக் குழு பேசாது. படமும் குரலும் சேர்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நான் பார்த்த அளவில் இது யாரையும் உட்கார்ந்து எழுத வைத்ததில்லை.

அடுத்தது இணைய வம்ச மரம். ஃபமிலிசேர்ச் என்ற தளம் இலவசம், அதிலும் ஜெனி என்ற தளத்திலும் உலகத்துக்கே பொதுவாக ஒரே மரம், யாரும் வந்து சேர்க்கலாம். பிள்ளைகளுக்குப் படமாகக் காட்டுவதற்கு அருமையானது. ஆனால் இவை குடும்பப் பெயர் உள்ள சமூகங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. எங்களுக்கோ தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து, தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். கந்தையா என்ற பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி, ஒரே ஆள் மரத்தில் பலமுறை முளைத்திருப்பார். மச்சான் மச்சாள் கலியாணமும் மாற்றுச் சம்பந்தமும் (இரு வீட்டார் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது) வந்தால் கிளைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். இதையெல்லாம் பொறுமையோடு சரிசெய்யலாம். ஆட்களைச் சேர்ப்பதில்தான் இது தோற்கிறது. ஒரே மரத்தில் வேலை செய்கிற இருவர் ஒரு வார்த்தை பேசாமலே காலத்தைப் போக்கலாம். விளைவாகப் பெயர்கள் குவிகின்றன, கதை வருவதில்லை.

மூன்றாவது, ஊர்ச்சங்கம் வெளியிடும் மலர். இதில் ஒரு பெரிய பலம் உண்டு: கடைசித் திகதி. வெளியீட்டு விழா நாள் குறித்துவிட்டால் எழுதாதவரும் எழுதிக் கொடுப்பார். அச்சில் வந்தது வீட்டு அலுமாரியில் இருக்கும். ஆனால் எந்தக் குடும்பம் உள்ளே வரும், எது வராது என்பதை மலர்க்குழு தீர்மானிக்கிறது. கோயில் தர்மகர்த்தாவும் அதிபரும் டாக்டரும் வருவார்கள். அதே ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கள்ளுச் சீவல் தொழில் செய்த, சலவை செய்த, பறை அடித்த குடும்பங்களுக்குப் பக்கம் கிடைப்பது அரிது. சாதியைப் பேசாமல் யாழ்ப்பாணத்தில் குடும்ப வரலாறு எழுத முடியாது. மலர்களில் பெரும்பாலானவை பேசாமலே முடிகின்றன. விழா முடிந்ததும் குழுவும் கலைந்துவிடும்.

நான்காவது வழிக்குத்தான் என் வாக்கு: சனசமூக நிலைய வாசிகசாலையில், மாதம் ஒரு தடவை, பத்துக்கு மேற்படாத ஆட்கள். சொந்தக்காரர் கூட்டமாக இல்லாமல் அயலவர் கூட்டமாக இருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்து சத்தமாக வாசிப்பது, மற்றவர்கள் கேள்வி கேட்பது, அவ்வளவுதான். ஒரு பழைய பொருளையும் கையோடு கொண்டுவர வேண்டும்.

அயலவர் ஏன் என்றால், ஒரு காணி உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். காணியின் பெயர், பரப்பு, பிறகு கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று நாலு எல்லை. ஒவ்வொரு எல்லையிலும் அந்தக் காலத்தில் யாருடைய காணி இருந்தது என்று பெயர் சொல்லி எழுதியிருக்கும்: இன்னார் மனைவி வள்ளியம்மை, இன்னார் மகள் சின்னாச்சி. யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டது. அதன்படி சீதனக் காணி பெண்ணுக்குப் போகிறது. அதனால், பழைய கல்வெட்டில் "இன்னாரின் பாரியார்" என்று மட்டும் நிற்கிற பெண்கள் உறுதியில் தங்கள் சொந்தப் பெயரோடு நிற்கிறார்கள். உங்கள் பூட்டியின் பெயர் உங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருக்கலாம். பக்கத்து வளவு உறுதியில் தெற்கு எல்லையாக அவர் இருப்பார். 1995 ஒக்டோபர் போர் இடப்பெயர்வில் உறுதிப் பெட்டியை விட்டுவிட்டு ஓடிய குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வாசலைச் சொந்தக்காரர் குழுவோ இணைய மரமோ திறக்காது. அயலவரோடு பக்கத்தில் உட்கார்ந்தால்தான் திறக்கும்.

கேள்விக்கும் இதே பலம் உண்டு. "அப்பு மலாயாவில் இருந்தவர்" என்று ஒருவர் வாசித்தால் சொந்தக்காரர் தலையாட்டிவிட்டுப் போவார், அது அவருக்குத் தெரிந்த கதை. அயலவர்தான் கேட்பார்: எந்த ஊரில்? ரெயில்வேயா, கிளார்க் வேலையா? பென்ஷனோடு திரும்பி வந்து கட்டிய வீடா இது? அடுத்த மாதம் அவர் நாலு பக்கம் கொண்டுவருவார்.

கல்வெட்டை வாசிக்கவும் கூட்டம் உதவும். இறந்த நாளைச் சொல்லும் பாட்டான திதி வெண்பாவில் இறந்த ஆண்டு தமிழ் வருடப் பெயராக இருக்கும். பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒரு தடவை திரும்பி வரும். விரோதி என்றால் 1889இல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1949இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். எது என்று தனியாக இருந்து குழம்புவதைவிட, பிள்ளைகளின் பெயரைப் பார்த்து "இவர் என் அப்பாவோடு படித்தவர், அப்போ 1949தான்" என்று ஒருவர் சொல்லிவிடுவார்.

இந்த வழியில் குறையும் உண்டு. ஊரே இல்லாமல் போனவர்களுக்கு இது சரிவராது. மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கத்து மக்கள் 1990இல் போரால் எழும்பிப் போனவர்கள்; அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களில் பலர் இன்றும் புத்தளத்தில்தான். அவர்களுக்கு அயல் என்பதே போனுக்குள்தான் இருக்கிறது. அங்கே வாட்ஸ்அப் குழுவையே அயலவர் கூட்டமாக நடத்த வேண்டும்: குடும்பக் குழுவாக இல்லாமல் ஒழுங்கைக் குழுவாக (ஒரே சந்துக்காரர் குழுவாக), யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்று வரைபடம் கீறுவதிலிருந்து தொடங்கலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களையும் சேர்ப்பதென்றால் இலங்கை நேரம் ஞாயிறு இரவு 7.30 பரவாயில்லை. கோடைகாலத்தில் அப்போது லண்டனில் பிற்பகல் 3 மணி, ரொறன்ரோவில் காலை 10. சிட்னிக்காரருக்கு நள்ளிரவாகிவிடும், அவர்கள் எழுதி அனுப்பினால் ஒருவர் வாசிக்கலாம்.

அப்புறம், எழுதியதை வைத்திருக்கும் இடம். 1981இல் பொது நூலகம் எரிந்த ஊர் இது. ஒரே பிரதி ஒரே இடத்தில் என்ற பேச்சே வேண்டாம். ஆண்டுக்கு ஒரு தடவை எல்லாரும் எழுதியதை மெல்லிய தொகுப்பாக அச்சடித்து, ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களும் சேர்க்கப்படுகின்றன. கொடுக்க முதல் ஒன்று செய்ய வேண்டும்: உயிரோடிருப்பவர்களின் பிறந்த திகதி, விலாசம், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பற்றியும் ஆயுத இயக்கத்துக்குப் போனவர்கள் பற்றியும் எழுதிய பகுதிகள் ஆகியவற்றை அந்தந்த வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் வீட்டுப் பிரதியில் மட்டும் இருக்கட்டும்.