முதல் எலக்ட்ரானிக் டிரம் செட்: நைட்ரோவா, யமஹாவா, ரோலாண்டா, ஆக்டோபேடா?

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்தில் டிரம்ஸ் கற்க வருகிற பிள்ளைகளில் பலருக்குக் கை ஏற்கெனவே பழகியிருக்கிறது. கொஞ்சம் மிருதங்கம், கொஞ்சம் கஞ்சிரா, இல்லையென்றால் வீட்டில் தவில்காரர் ஒருவர். தவிலில் ஒரு கையில் குச்சி, மறுகை விரல்களில் கூடு. மிருதங்கத்தில் இரண்டு பக்கமும் கைதான். நம் தாள வாத்தியங்கள் எதிலும் காலுக்கு வேலை இல்லை. டிரம் செட்டிலோ வலது கால் கிக்கை, அதாவது தரையில் நிற்கிற பெரிய டிரம்மை, அடிக்க வேண்டும், இடது கால் ஹை-ஹாட் என்கிற ஜோடி சிம்பலைத் திறந்து மூட வேண்டும். புதிதாகக் கற்பவர் திணறுவது அங்கேதான். அதனால் எந்த செட்டைப் பார்த்தாலும் நான் முதலில் குனிந்து கால் பக்கத்தைப் பார்ப்பேன்.

கடைக்காரர்கள் முதலில் சொல்வது ஒலிகளின் எண்ணிக்கை. அலெசிஸ் நைட்ரோ மெஷ்ஷில் 385 ஒலிகள், யமஹா டிடிஎக்ஸ்402-இல் 415. இவற்றைவிட நன்றாக விலை கூடிய ரோலாண்ட் டிடி-07-இல் 143 மட்டுமே. விலையும் எண்ணிக்கையும் எதிரெதிர்த் திசையில் போவதைப் பார்த்தாலே அந்தக் கணக்கை விட்டுவிடலாம். முதல் வருடம் ஒரு பிள்ளை வாசிக்கப் போவது இரண்டு மூன்று செட் ஒலிகளைத்தான். மெதுவாகத் தட்டினால் மெதுவாகவும் ஓங்கி அடித்தால் ஓங்கியும், இடையில் பல படிகளாகவும் ஸ்நேர் (முன்னால் இருக்கிற முக்கிய டிரம்) பேசுகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இந்த விஷயத்தில் ரோலாண்ட் முன்னால் நிற்கிறது.

இனி கால். நைட்ரோ மெஷ், அதற்குப் பின் வந்த நைட்ரோ மேக்ஸ் இரண்டிலும் கிக்குக்கென்று நின்றபடி இருக்கும் தனி பேடும் (அடியை உணர்கிற தட்டு), அதை அடிக்கிற சுத்தியல் வைத்த பெடலும் பெட்டிக்குள்ளேயே வருகின்றன. பெடலை மிதித்தால் சுத்தியல் போய் அடித்துத் திரும்பும். அந்தத் திரும்பலைக் கால் உணர வேண்டும், அதன் எடைக்குப் பழக வேண்டும். யமஹா 402-இல் சுத்தியல் கிடையாது. மிதிபலகையை அழுத்தினால் உள்ளே இருக்கிற உணரி ஒலியைக் கிளப்புகிறது. சத்தம் மிகக் குறைவு. ஆனால் இதில் பழகிய பிள்ளை தேவாலயத்தில் கொயருக்கு வாசிக்க உட்கார்ந்து, அங்கே இருக்கிற நிஜ டிரம்ஸின் பெடலில் கால் வைத்தால் முதல் சில வாரங்கள் தடுமாறும். யமஹாதான் வேண்டுமென்றால் அதே வரிசையில் 452-ஐப் பாருங்கள். அதில் கிக் பேடும் நிஜ பெடலும் உண்டு, ஸ்நேரும் அடிக்கிற இடத்தைப் பொறுத்து மூன்று விதமாகப் பேசும்.

டிடி-07 மாட்யூலோடு (ஒலிகள் இருக்கிற பெட்டி) வருகிற ரோலாண்ட் டிடி-07கேவி செட்டை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: கிக் பேட் வரும், அதை அடிக்கிற பெடல் வராது. ஸ்டூலும் வராது. விலையைக் கேட்டுவிட்டு அந்தத் தொகையோடு மட்டும் போனால், பெட்டியைப் பிரித்த அன்று வாசிக்க முடியாது.

அப்படியானால் யமஹா 402 யாருக்கு? மாடி வீட்டுக்காரர்களுக்கு. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இப்போது அடுக்குமாடிகள் பெருகிவிட்டன. எலக்ட்ரானிக் என்றால் சத்தமே இருக்காது என்று நம்பி வாங்குகிறார்கள். ஹெட்போனுக்குள் இருக்கிற இசை வெளியே கேட்காது, உண்மைதான். ஆனால் கிக் பேடில் விழுகிற அடி தளத்தின் வழியாக இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் தொம் தொம் என்று கேட்கும். சுவரில் பஞ்சு ஒட்டினாலும் அது நிற்காது, ஏனென்றால் அது காற்றில் போகிற சத்தம் இல்லை, கான்கிரீட்டில் போகிற அதிர்வு. இரண்டு பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வைத்து மேடை செய்து, அதன்மேல் செட்டை நிறுத்தினால் பெருமளவு குறையும். அதற்கு இடமும் பொறுமையும் இல்லையென்றால் சுத்தியல் இல்லாத யமஹாவே நல்லது. கீழ்வீட்டாரோடு மனக்கசப்பு வந்தால் பிள்ளையின் பயிற்சிதான் முதலில் நிற்கும்.

கும்பகோணத்துத் தெருக்களில் ஒட்டி ஒட்டி நிற்கிற ஓட்டு வீடுகளில் நிலைமை வேறு. தரை மண்மேல் கிடக்கிறது, கீழே யாரும் இல்லை. கிக் அதிர்வு பெரும் தொல்லையாக இருக்காது. அங்கே பொதுச்சுவரைத் தாண்டிக் கேட்பது குச்சி தட்டுகிற சத்தம். அதற்குத்தான் வலைத்தோல், அதாவது மெஷ், உதவுகிறது. நைட்ரோவிலும் டிடி-07கேவியிலும் ஸ்நேர், டாம் (ஸ்நேரைச் சுற்றி இருக்கிற மற்ற டிரம்கள்) எல்லாம் வலைத்தோல். இழுவையைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம், தட்டுகிற சத்தமும் குறைவு. யமஹா 402-இல் ரப்பர். டக் டக் என்று கேட்கும், நீண்ட நேரம் அடித்தால் மணிக்கட்டு அதிகம் உணரும். இருந்தாலும் ரப்பரை மாற்ற வேண்டாம், திருக வேண்டாம், சிறு பிள்ளைகள் ஓங்கி அடித்தாலும் தாங்கும். சிம்பல்கள் எல்லா செட்டிலும் ரப்பர் பூச்சுதான் என்பதால், வலைத்தோல் செட்டும் முழு மௌனம் இல்லை.

யமஹாவுக்கு நான் மனதாரப் பாராட்டு வைத்திருக்கிற இடம் அதன் பயிற்சி முறைகள். பத்து இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், தாளத்தை விட்டு விலகி அடித்தால் அந்த அடி ஒலிக்கவே ஒலிக்காது. சரியான இடத்தில் விழுந்தால்தான் கேட்கும். பக்கத்தில் ஆசிரியர் இல்லாத ஊர்களில், மன்னார்குடியைத் தாண்டி உள்ளே போனால் டிரம்ஸ் வாத்தியாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்கிற நிலையில், இது பெரிய துணை. நைட்ரோ மெஷ்ஷில் மெட்ரோனோமும் (சீராகத் தட்டித் தாளம் காட்டுவது) கூடவே வாசிக்க 60 பாட்டுத் தடங்களும் உண்டு, ஆனால் இந்தக் கண்டிப்பு இல்லை.

ஆக்டோபேட் பற்றி. நம் ஊர் மெல்லிசைக் கச்சேரி மேடைகளில் ரோலாண்ட் எஸ்பிடி-20 பார்க்காத கண் இல்லை. ஒரே பெட்டியில் எட்டு பேட், எழுநூறு ஒலி, தபலாவும் உள்ளேயே. திருவிழா மேடையில் பத்து நிமிடத்தில் மாட்டிக் கழற்றலாம், பைக்கில் கொண்டு போகலாம். கை பழகிய மிருதங்கக்காரர் ஒருவர் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்து வருமானம் பார்க்க வேண்டுமென்றால் தயங்காமல் இதை வாங்கலாம். டிரம்ஸ் கற்க வேண்டுமென்று வருகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம். பெடலைத் தனியாக வாங்கி மாட்டாவிட்டால் கிக்கையும் கையாலேயே தட்டப் பழகிவிடும். பிறகு கால் எழுந்திருக்க வருடங்கள் ஆகும்.

ஆக, தரைத்தளத்தில் இருக்கிற சாதாரண வருமானக் குடும்பத்துக்கு என் தேர்வு நைட்ரோ. மெஷ்ஷுக்கும் மேக்ஸுக்கும் நடுவில் தயங்கினால் மேக்ஸ், ஏனென்றால் அதன் ஸ்நேர் பத்து அங்குலம், மெஷ்ஷில் எட்டுதான். பெரிய ஸ்நேரில் குச்சி எங்கே விழுகிறது என்று பிள்ளை பயந்து பயந்து பார்க்க வேண்டியதில்லை. மேக்ஸில் ப்ளூடூத் உண்டு. அது போனிலிருந்து பாட்டை உள்ளே அனுப்பிக் கூடவே வாசிக்க. அதற்காக ப்ளூடூத் ஹெட்போன் வாங்கிவிடாதீர்கள். அடித்த பிறகு சற்றுத் தாமதித்துக் காதுக்கு வரும், தாளம் கெட்டுப் போகும். வயர் உள்ள, காதை முழுவதும் மூடுகிற ஹெட்போன் வேண்டும்.

பணம் தாராளமாக இருந்து, பிள்ளை ஏற்கெனவே ஒரு வருடம் எங்காவது வாசித்திருந்தால் டிடி-07கேவிக்குப் போகலாம். முதல் நாளிலேயே வேண்டியதில்லை.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் கடல்காற்றில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நைட்ரோவிலும் யமஹா 402-இலும் எல்லா பேடுகளும் ஒரே கொத்து வயர் வழியாக மாட்யூலுக்கு வருகின்றன. அந்த இணைப்பில் உப்புத் துரு ஏறினால் ஒரு டாம் திடீரென்று ஊமையாகிவிடும். வாசித்து முடித்ததும் மாட்யூலைத் துணியால் மூடி வையுங்கள். பழைய செட் வாங்கப் போனால், உங்கள் ஹெட்போனையே எடுத்துப் போய், ஒவ்வொரு பேடையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓங்கி அடித்தால் கெட்டுப் போன பேடும் ஒலிக்கும். ஹை-ஹாட் பெடலை மெதுவாக அழுத்தி, பாதி திறந்த ஒலியும் வருகிறதா என்று கேட்டபின் விலை பேசுங்கள்.