கண் பயிற்சி டீச்சர் ஆகணுமா? பேட்ஸ் சர்டிபிகேட், பிஎன்ஒய்எஸ், ஆப்டோமெட்ரி: எதுல போறது

கண்ணாடி இல்லாம பார்வைய சரிபண்ண சொல்லித்தர வேலைக்குப் போகணும்னா மூணு ரூட் இருக்கு, வெளிய இருந்து பாத்தா மூணும் ஒண்ணு மாதிரிதான் தெரியும், உள்ள போனா சம்பந்தமே இல்ல.

மொதல்ல பேட்ஸ் ரூட். நியூயார்க் கண் டாக்டர் வில்லியம் பேட்ஸ் 1920ல புக் போட்டு கிளப்பி விட்டது, உள்ளங்கையால கண்ண மூடிக்கிற பாமிங், வெயில் காட்டுற சன்னிங், உடம்ப ஆட்டுற ஸ்விங்கிங், இன்னிக்கு ஆன்லைன்ல விக்கிற நேச்சுரல் ஐசைட் டீச்சர் கோர்ஸ்ல பெரும்பாலும் இந்த சரக்குதான். நேர்ல பாக்கணும்னா பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துல டாக்டர் ஆர்.எஸ். அகர்வால் ஆரம்பிச்ச கண் பயிற்சிப் பள்ளி இருக்கு, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல பொடி எழுத்து படிக்க வைக்கிறதெல்லாம் அங்க உண்டு. கோர்ஸ் சீக்கிரம் முடியும், பிளஸ் டூ மார்க் யாரும் கேக்க மாட்டாங்க, வீட்டுலயே கிளாஸ் எடுக்கலாம். ஆனா அடிப்படையே ஆட்டம்ங்க. கண்ணுக்கு வெளிய இருக்கற தசை இறுகுறதாலதான் பார்வை கெடுதுன்னு பேட்ஸ் சொன்னார், நிஜத்துல ஃபோகஸ மாத்துறது உள்ள இருக்கற லென்ஸ், கிட்டப்பார்வைக்கு பெரும்பாலும் காரணம் கண் நீளமா வளந்துட்டது, ஒரு மில்லிமீட்டர் கூடுனாலே பவர் ரெண்டரை மூணு ஏறிடும், அத பாமிங் பண்ணி சுருக்க முடியாது.

அப்புறம் ஏன் "எனக்கு கண் டெஸ்ட் சார்ட்ல ரெண்டு வரி அதிகமா தெரியுது"ன்னு சொல்றாங்க? பொய் இல்ல. கண்ணாடிய கழட்டி வச்சு கொஞ்ச நாள் போனா மங்கலுக்கு மூளை பழகிக்கும், சார்ட்டும் மனப்பாடம் ஆகிடும், ஆனா பவர் அப்படியேதான் இருக்கும். இந்த வித்தியாசத்த அளந்து பாக்க பேட்ஸ் டீச்சருக்கு கருவியும் இல்ல, பயிற்சியும் இல்ல. என்னோட பெரிய தகராறே இதுதான். கிளாசுக்கு வர்றவருக்கு கிளாக்கோமா, அதாவது கண் நரம்பு மெல்ல கெட்டு பார்வை போற நோய் இருந்தா? பெரும்பாலும் வலிக்காது, சொல்லாது, நீங்க பாமிங் சொல்லிக்குடுத்துட்டே இருப்பீங்க.

அடுத்தது பிஎன்ஒய்எஸ், அதாவது இயற்கை மருத்துவம், யோகா டிகிரி, அஞ்சரை வருஷம், இன்டர்ன்ஷிப்போட. சென்னை அரும்பாக்கத்துல அரசு காலேஜே இருக்கு. மரியாதையான டிகிரி, ஆனா கண்ணு அதுல ஒரு மூலைதான், கண்ணுக்காக மட்டும் இத எடுக்காதீங்க.

ஆப்டோமெட்ரி, அதாவது கண்ண டெஸ்ட் பண்ணி கண்ணாடி பவர் எழுதிக்குடுக்கற படிப்புக்குத்தான் என் ஓட்டு. நாலு வருஷம், கடைசி வருஷம் இன்டர்ன்ஷிப். சங்கர நேத்ராலயாவோட எலைட் ஸ்கூல் 1985லருந்து இருக்கு. பவர் பாக்கறது, கண் பிரஷர் பாக்கறது எல்லாம் கத்துக்கிட்டு அப்புறம் விஷன் தெரபி பக்கம் போனா அதுவும் கண் பயிற்சிதான், ஆனா ஆதாரம் இருக்கற பயிற்சி. கிட்ட பாக்கும்போது ரெண்டு கண்ணும் சேந்து உள்பக்கம் திரும்ப மாட்டேங்குற பிரச்சினைக்கு அமெரிக்காவுல 221 பசங்கள வச்சு ஒரு ட்ரையல் பண்ணாங்க, 2008ல ரிசல்ட் வந்துச்சு, 12 வாரத்துல கிளினிக் பயிற்சி எடுத்தவங்கள்ல சுமார் 73 சதவீதம் பேர் தேறுனாங்க, சும்மா டம்மி பயிற்சி குடுத்த குரூப்ல 35தான். ஆனா இதுவும் கிட்டப்பார்வை பவர குறைக்காது, அத எதிர்பாத்து வர்ற பேரண்ட்ஸ்கிட்ட முதல் நாளே சொல்லிடணும்.

நாலு வருஷம் காசு கட்ட முடியாத கிராமத்துப் பொண்ணுங்களுக்கு மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷ உதவியாளர் பயிற்சி இருக்கு, டீச்சர் வேலை இல்லதான், ஆனா கண்ணப் பத்தி பல சர்டிபிகேட்காரங்கள விட அதிகம் தெரிஞ்சிட்டு வருவாங்க.

ஏற்கனவே யோகா கிளாஸ் நடத்துறவங்க, நாப்பத தாண்டிட்டீங்க, திரும்ப காலேஜ் முடியாதுன்னா பேட்ஸ் கோர்ஸ் படிச்சுக்கோங்க, கண்ணுக்கு ரிலாக்சேஷன்னு மட்டும் சொல்லி நடத்துங்க. சேர்றதுக்கு முன்னாடி சமீபத்துல எடுத்த கண் செக்கப் ரிப்போர்ட்ட கேட்டு வாங்குங்க, சூரியன நேரா பாக்க மட்டும் யாரையும் சொல்லிடாதீங்க, விழித்திரை வெந்துடும். கேட்டராக்ட், கிளாக்கோமா குணமாகும்னு போர்டு வச்சா 1954 மாய மருந்து விளம்பரச் சட்டத்துல மாட்டுவீங்க, அந்த லிஸ்ட்ல ரெண்டு நோயோட பேரும் இருக்கு.