சாம்சங் ஃபிரிட்ஜ்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

டபுள் டோர், 236 லிட்டர், எங்கள் நாலு பேருக்குத் தாராளம். இட்லி மாவு மூன்றாம் நாளும் புளிக்காமல் இருக்கிறது, ராத்திரியில் சத்தமே கேட்பதில்லை, கரண்ட் பில்லும் எகிறவில்லை. பொருளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

செய்தவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சாம்சங் ஃபிரிட்ஜ் தயாராகும் ஆலை காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறது. 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பந்தலில் போய் உட்கார்ந்தார்கள். சம்பள உயர்வும் கேட்டார்கள், ஆனால் முக்கியமாகக் கேட்டது நாங்கள் தொடங்கிய சங்கத்தை ஏற்றுக்கொண்டு அதோடு பேசுங்கள் என்பதுதான். நிர்வாகமோ அக்டோபரில் வேறொரு தொழிலாளர் கமிட்டியோடு ஒப்பந்தம் போட்டது: மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, 108 வழித்தடத்திலும் ஏசி பஸ். வெயிலில் ஷிஃப்டுக்குப் போய் வருகிறவர்களுக்கு ஏசி பஸ் நல்லதுதான், யார் வேண்டாம் என்பார்கள், ஆனால் எனக்காக யார் பேசுவது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று ஒரு தொழிலாளி சொல்லும்போது அதற்கு பஸ்ஸா பதில்?

37 நாள் வேலைநிறுத்தம். நடுவில் போலீஸ் பந்தலைப் பிரித்தது, ஆட்களைப் பிடித்துப் போனது. சங்கத்தின் பெயரில் சாம்சங் என்று வரக்கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. தினமும் அந்தப் பெயர் போட்ட ஃபிரிட்ஜைத் தன் கையால் பூட்டி அனுப்புகிறவர் தன் சங்கத்துக்கு அதை வைக்கக்கூடாதாம், எனக்கு மனது ஆறவே இல்லை. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கத்துக்கு அரசுப் பதிவு கிடைத்தது. அடுத்த மாதமே சங்க நிர்வாகிகள் மூன்று பேர் சஸ்பெண்ட், மறுபடி உள்ளிருப்புப் போராட்டம்.

இத்தனைக்கும் இதே குழுமத்தின் தலைவர் லீ ஜே-யோங், சங்கமே கூடாது என்ற பழைய கொள்கைக்காக 2020 மே மாதம் கொரியாவில் கேமரா முன்னால் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டவர். அந்த மன்னிப்பு சுங்குவார்சத்திரத்துக்கும் சேர்த்துத்தானே?

சரி, வாங்கலாமா? வாங்கலாம். ஐந்துக்கு நாலு ஸ்டார், நாலும் அந்த லைனில் நிற்கிறவர்களுக்கு.